ஐஐடியா, எம்ஐடியா: எடிசனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும். எச்1பி வேலை விசாவில் குடும்பத்தோடு நியூஜெர்சி எடிசனுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மகன் பத்தாம் வகுப்பு, கணக்கில் கெட்டி. "பையனை இங்கே அனுப்பிவிடு, ரெண்டு வருஷம் கோச்சிங் போட்டு ஐஐடியில் சேர்த்துவிடலாம்" என்று கோயம்புத்தூரிலிருந்து மாமனார் தினமும் போன் செய்கிறார். இங்கே பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்ப்பவர்களோ எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு என்கிறார்கள். எது உசத்தி, எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சென்னை ஐஐடியில் பி.டெக். முடித்துவிட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் மேற்படிப்பு படித்தேன். அங்கே உதவி ஆசிரியையாக இளநிலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். எது உசத்தி என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை என்பதுதான் என் கட்சி. (எம்ஐடி என்றதும் மாமனார் குரோம்பேட்டையை நினைத்துக்கொண்டால் தப்பில்லை. 1949இல் தொடங்கி அப்துல் கலாம் படித்த கல்லூரி அது. இங்கே நான் சொல்வது மாசசூசெட்ஸில் இருப்பதை.)

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கும்: "எம்ஐடியில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு இடம், ஐஐடியில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான், ஆகவே ஐஐடிதான் கஷ்டம்." இதைத் தூக்கிப் போடுங்கள். 2024இல், முதல் கட்டமான ஜேஇஇ மெயினைத் தாண்டியவர்களில் சுமார் 1.8 லட்சம் பேர் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டை எழுதினார்கள், 48,000 பேர் தேறினார்கள், 23 ஐஐடிகளிலும் சேர்த்து 17,700 சொச்சம் இடங்கள். அதே ஆண்டு எம்ஐடிக்கு 28,000க்கு மேல் விண்ணப்பங்கள் போய், 1,300க்கும் குறைவானவர்களுக்கு இடம் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள். ஜேஇஇயில் ஒரே நாளில் மும்மூன்று மணி நேரம் இரண்டு தாள், அதில் வாங்கும் ரேங்க்தான் எல்லாம். பிளஸ் டூவில் குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் போதும், அதற்கு மேல் நீ யார், பள்ளியில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எம்ஐடியில் எஸ்ஏடி மாதிரி ஒரு பொதுத்தேர்வு மதிப்பெண் வேண்டும், ஆனால் அது வெறும் வாசற்படி. அதற்கு மேல் கட்டுரைகள், ஆசிரியர் பரிந்துரைகள், பையன் தானாக எதையாவது கட்டினானா, உடைத்தானா என்றெல்லாம் பார்ப்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ எஸ்ஏடியைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. ரேங்க் பட்டியலில் வளர்ந்த நமக்கு இது ஏமாற்று வேலை போலத் தோன்றும். இங்கே பல வருடம் இருந்த பிறகும் எனக்கு அதில் முழு சமாதானம் இல்லை. ஜேஇஇயில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் அந்த நேர்மைக்கு ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் இரண்டு வருடத்தைக் கொடுக்கவேண்டும்.

உள்ளே போனபின் என்ன வித்தியாசம்? பையன்களின் மூளையில் இல்லை. ஐஐடியின் முதல் சில நூறு ரேங்க்காரர்களை எம்ஐடி வகுப்பில் உட்காரவைத்தால் ஈடுகொடுப்பார்கள். ஐஐடியின் பலமே அந்தக் கூட்டம்தான். எங்கள் காலத்தில் குவிஸ்-1, குவிஸ்-2 என்ற இடைத்தேர்வுகள், கடைசியில் எண்ட்-செம் என்று பருவம் ஓடும். குவிஸுக்கு முந்தின இரவு சரயு விடுதியில் யாரும் தூங்கமாட்டார்கள். மெஸ்ஸிலிருந்து தட்டில் கொண்டுவந்த பிரெட் பக்கத்தில் கிடக்கும், பாடம் புரிந்த ஒருத்தி சிக்னல்ஸ் பாடத்தை முதல் வகுப்பிலிருந்து நடத்துவாள், வராந்தா தரையில் உட்கார்ந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் கேட்போம். "இது ஏன் இப்படி வருது?" என்று ஒருத்தி கேட்பாள், பதில் தெரியாமல் நடத்துகிறவளே மாட்டிக்கொள்வாள், அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து கண்டுபிடிப்போம். நான் படித்த பொறியியலில் பாதி அந்த வராந்தாவில் படித்தது. வெளியே புள்ளிமான் மேய்ந்துகொண்டிருக்கும், அதைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. கிண்டி காட்டை ஒட்டிய அந்த வளாகம் 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. அதே போல கான்பூர் ஐஐடிக்கு 1962லிருந்து பத்தாண்டுகள் உதவிய ஒன்பது அமெரிக்கக் கல்லூரிகளில் எம்ஐடியும் ஒன்று. மாமனார் ஐஐடியையும் எம்ஐடியையும் ஏதோ பரம்பரைப் பகை மாதிரிப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கல்லூரியில் நான் புதிதாகக் கண்டது ஆஃபீஸ் அவர்ஸ். வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் என்று ஆசிரியர் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கவேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம். அர்பானாவில் ஒரு பையன், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவான். "வீட்டுப்பாடத்தில் முதல் கேள்வியே புரியவில்லை, எங்கிருந்து தொடங்குவது?" என்று கூச்சமே இல்லாமல் கேட்பான். நாங்கள் செத்தாலும் கேட்டிருக்கமாட்டோம். ஒரு வரி சொன்னால் எழுதிக்கொண்டு போவான். அரை மணி கழித்துத் திரும்பி வருவான், இப்போது இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டிருப்பான். பருவம் முழுக்க அப்படித்தான். பேராசிரியரிடமும் இதே மாதிரிதான் போவான், பேர் சொல்லிக் கூப்பிடுவான். மூன்றாம் ஆண்டில் அவர் லேப்பில் சம்பளத்துக்கு வேலை பார்த்தான். எம்ஐடி இதையே 1969லிருந்து ஒரு திட்டமாக வைத்திருக்கிறது, யூரோப் என்று பெயர். முதலாண்டு மாணவர்கூட ஆராய்ச்சியில் சேர்ந்து சம்பளமோ பாடத்துக்கான கிரெடிட்டோ வாங்கலாம். அங்கே மூன்று மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம். ஐஐடிகளில் பத்துக்கு ஒருவர் என்பதே இலக்கு.

அதற்காக ஐஐடியில் இளநிலை மாணவர்களின் ஆராய்ச்சி வீண் என்று சொல்லிவிடாதீர்கள். 2002இல் கான்பூரில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்ஸேனா இருவரும் சேர்ந்து, ஓர் எண் பகா எண்ணா என்று உறுதியாகவும் விரைவாகவும் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பல தலைமுறைக் கணிதர்கள் தேடியது அது. 2006இல் அதற்கு, கணினியியல் கோட்பாட்டுக்குக் கொடுக்கும் கோடல் பரிசு கிடைத்தது. சென்னை ஐஐடியிலும், புது நிறுவனங்களுக்கு இடம் கொடுக்கும் ரிசர்ச் பார்க் வந்தபிறகு காற்று மாறியிருக்கிறது, ராக்கெட் செய்யும் அக்னிகுல் நிறுவனம் அங்கே வளர்த்தெடுக்கப்பட்டதுதான்.

எனக்கு உறுத்துவது துறை விஷயம். ஐஐடியில் பதினேழு வயதில் வாங்கிய ரேங்க்தான் துறையைத் தீர்மானிக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசையில் போய் மெட்டலர்ஜியிலோ நேவல் ஆர்க்கிடெக்சரிலோ உட்கார்ந்து நாலு வருடம் ஓட்டுகிறவர்கள் ஏராளம். முதலாண்டுக்குப் பின் துறை மாற்றம் என்று ஒன்று இருந்தது, சில ஐஐடிகள் அதையும் நிறுத்திவிட்டன. எம்ஐடியில் முதலாண்டு முடியும்போதுதான் துறையைச் சொல்லவேண்டும், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அமெரிக்கா முழுக்க இப்படி என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அர்பானாவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடியாகச் சேராமல் வேறு துறையில் நுழைந்து மாறிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எல்லாப் பொறியியல் மாணவர்களும் முதலாண்டைப் பொதுவாகப் படித்துவிட்டுத் துறைக்குப் போவார்கள். கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு, படித்துப் பாருங்கள்.

உங்களுக்குப் பெண் பிள்ளை இருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன். எங்கள் வகுப்பில் பெண்களைக் கைவிரல் விட்டு எண்ணலாம். 2018இலிருந்து கூடுதல் இடங்கள் ஒதுக்கிய பிறகுதான் ஐஐடிகளில் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்தது. எம்ஐடி இளநிலையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். ஐஐடி கல்விக் கட்டணம் 2016லிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கும் அதுவும் கிடையாது. எம்ஐடியில் கல்விக் கட்டணம் மட்டும் 60,000 டாலருக்கு மேல், தங்கல் சாப்பாடு சேர்த்தால் 80,000ஐத் தாண்டும். ஆனால் போர்டில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்து மிரளவேண்டாம். உதவித்தொகை கேட்கிறான் என்பதற்காக அவர்கள் சேர்க்கையில் ஆளைத் தள்ளுவதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே விதிதான், அமெரிக்காவில் இப்படிச் செய்யும் கல்லூரிகள் ஒரு கைப்பிடி. இடம் கிடைத்துவிட்டால் பணம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இடம் கிடைப்பதுதான் பாடு. உங்கள் மகன் எடிசன் பள்ளியில் படித்தாலும், எச்1பிகாரரின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் இருக்கிறவரை எம்ஐடியின் கணக்கில் வெளிநாட்டு விண்ணப்பதாரர்தான். உலகம் முழுவதிலிருந்தும் ஒலிம்பியாட் பதக்கத்தோடு வருகிறவர்களின் வரிசையில் நிற்கவேண்டும். கோயிலில் இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆகவே உண்மையில் நீங்கள் ஒப்பிடவேண்டியது ஐஐடியையும் எம்ஐடியையும் இல்லை. ஒரு பக்கம் ஐஐடி, இன்னொரு பக்கம் உங்கள் நியூஜெர்சியின் ரட்கர்ஸ், பர்டூ, ஜார்ஜியா டெக், அர்பானா மாதிரி அரசுப் பல்கலைக்கழகங்கள். பொறியியலில் இவை எந்த ஐஐடிக்கும் குறைந்தவை அல்ல, லேப் வசதியில் மேலே. பர்டூ 2013லிருந்து பல ஆண்டுகள் கல்விக் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்தது, அந்த மாநிலத்தவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்குச் சற்றுக் கீழ், வெளியாருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்களுக்கு ரட்கர்ஸில் மாநிலத்தவர் கட்டணம் கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. எச்4 பிள்ளைகளுக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தெரிந்தவர் சொன்னார் என்று விடாமல் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஃபெடரல் உதவித்தொகை உங்களுக்குக் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 21 வயதானதும் மகன் எச்4இலிருந்து விழுந்துவிடுவான், மாணவர் விசாவுக்கு மாறவேண்டும். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நீளத்தைப் பார்த்தால், அதற்குள் உங்களுக்கு வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடவேண்டாம்.

மாமனாருக்கு என்ன சொல்வது? "ஐஐடி போனால்தான் ஆளாகலாம்" என்பார். கூகுளின் சுந்தர் பிச்சை கரக்பூர் ஐஐடிதான், ஆனால் அப்புறம் ஸ்டான்ஃபோர்டு. மைக்ரோசாஃப்டின் சத்ய நாதெள்ளா மணிப்பாலில் படித்துவிட்டு விஸ்கான்சின் மில்வாக்கிக்கு வந்தார். செயற்கை நுண்ணறிவில் 1994இல் கணினித் துறையின் நோபல் மாதிரியான டூரிங் விருது வாங்கிய ராஜ் ரெட்டி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. இளநிலை எங்கே என்பதைவிட அதன்பின் எங்கே போய் யாரிடம் படித்தார்கள் என்பதுதான் இவர்கள் கதையில் பெரிது. பிஎச்.டி. என்றால் இங்கே பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் கொடுத்துப் படிக்கவைப்பார்கள். அந்த வாசல் அவனுக்கு எங்கே பி.டெக். படித்தாலும் திறந்தே இருக்கும்.

பையனைத் தனியாகத் திருப்பி அனுப்புவதற்கு நான் எதிர்க்கட்சி. பத்தாம் வகுப்பில் ஒருமுறை பள்ளி மாறியாகிவிட்டது. மறுபடி பிடுங்கி, அம்மா அப்பா இல்லாமல் கோச்சிங் விடுதியில் போட்டு, ஜேஇஇயின் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மனப்பாடம் செய்யவைத்து, ரேங்க் சறுக்கினால் அவன் எந்த ஊர்க்காரன்? அவனாகவே ஆசைப்பட்டு, ஊரில் தாத்தா பாட்டியோடு இருந்து படிக்கிறேன் என்றால் அது வேறு. அவனிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதம் முழுக்க மாமனார் என்ன சொன்னார், கோயிலில் என்ன சொன்னார்கள் என்றுதான் இருக்கிறது.

இப்போதைக்குச் செய்யவேண்டியது, பள்ளி கவுன்சிலரைப் பார்த்து, பன்னிரண்டாம் வகுப்புக்குள் கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களில் ஏபி கால்குலஸ் பிசி, ஏபி இயற்பியல் சி இரண்டையும் எடுக்கும்படி பாட வரிசை அமைகிறதா என்று கேட்பது. புதிதாக வந்த பிள்ளைகளைப் பல பள்ளிகள் கணக்கில் ஒரு படி கீழே போட்டுவிடும். போட்டிருந்தால் இந்தப் பருவத்திலேயே எந்தப் படியில் போடலாம் என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் கேளுங்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கால்குலஸ் கைநழுவிப் போகும். அவனுடைய கோயம்புத்தூர் மார்க் ஷீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.