அம்மன் கதை ஊருக்குச் சொந்தம், குரல் உங்களுக்குச் சொந்தம்: ஏஐ கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏஐ பற்றியவை. நாகர்கோவில் கோர்ட்டில் எல்கைத் தகராறும் செக் கேஸும் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தூசி தட்ட வைத்துவிட்டீர்கள்.

நான் வில்லுப்பாட்டு பாடுகிறவள். கோயில் கொடை விழாவில் நான் பாடிய முத்தாரம்மன் கதையை யாரோ செல்போனில் பிடித்து, என் குரலை ஏஐயில் ஏற்றி, நான் பாடாத பாட்டையும் நான் பாடியதுபோல் யூடியூபில் போட்டிருக்கிறார்கள். கேஸ் நிற்குமா? (தோவாளைப் பக்கம் ஒரு வாசகி)

நிற்கும் அக்கா. ஆனால் இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது.

முதலாவது, கொடையில் எடுத்த பதிவு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவில் நிகழ்த்துபவர் உரிமை என்று ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தின் கணக்கில் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட நிகழ்த்துபவர்தான். வில்லடிக்கிறவருக்கு இல்லாமல் போகுமா? உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். ஒருவர் தான் மட்டும் கேட்பதற்காகப் பதிந்தால் தப்பில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் யூடியூபில் ஏற்றினால் மீறல்.

இரண்டாவது, நீங்கள் பாடவே பாடாத பாட்டு. அதற்கு 38-வது பிரிவு நேராகப் பொருந்தாது. அங்கே கைகொடுப்பது ஆளுமை உரிமை, அதாவது ஒருவர் பெயரையும் முகத்தையும் குரலையும் அவரைக் கேட்காமல் அடுத்தவர் காசாக்கக் கூடாது என்பது. இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்காகக் கட்டி எழுப்பியது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐயில் நகலெடுக்க மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அவர் நாடறிந்தவர். உங்கள் விஷயத்தில் கோர்ட் முதலில் கேட்கப்போவது, 'இந்தக் குரலைக் கேட்டால் இன்னார் என்று ஊருக்குத் தெரியுமா' என்பதாகத்தான் இருக்கும். அதனால் உங்கள் பெயர் அச்சடித்த பழைய கொடை நோட்டீஸ் ஒன்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த மஞ்சள் தாள்தான் உங்கள் சாட்சி.

'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ வழியாகக் கொண்டுவந்த ஏ.ஆர்.ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். இறந்தவர் குரலுக்கே கேட்டார்கள் என்றால், உயிரோடு இருப்பவரிடம் கேட்க என்ன கேடு? அம்மன் கதைக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாட முடியாது, நீங்களும் சேர்த்துத்தான். அடுத்த கொடைக்கு முன்பணம் வாங்கும்போது, 'வீடியோ எடுக்கலாம், குரலை ஏஐக்குக் கொடுக்கக் கூடாது' என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

மார்த்தாண்டத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏஐயில் நான் போட்ட கல்யாண டிசைனை அடுத்த கடைக்காரர் அப்படியே அடிக்கிறார். தடுக்கலாமா?

படம் முழுக்க ஏஐ போட்டது என்றால் கஷ்டம் தம்பி. கணினி உருவாக்கிய படைப்புக்கு, 'அது உருவாகக் காரணமான ஆள்' ஆசிரியர் என்று நம் சட்டம் சொல்கிறது. ஏஐக்கு நாலு வரி பிராம்ப்ட் (கட்டளை) அடித்தவர் அந்த ஆள் ஆவாரா என்பதில்தான் சிக்கல். 2020-இல் ஏஐயை இணை ஆசிரியராகக் காட்டிய ஒரு ஓவியத்தை நம் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்தது. மறுவருடமே பதிவை ரத்து செய்வதாக நோட்டீஸ் அனுப்பியது. மனித ஆசிரியர் இல்லாமல் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆக, நீங்கள் கையால் போட்ட எழுத்து, வைப்புமுறை, மாற்றி வரைந்த பகுதி, இவைதான் பிடி. ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் செய்த வேலை அடுக்கடுக்காகத் தெரியும் லேயர் ஃபைலை அழிக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியப் பாணியில் வரைகிறேன். என் பாணியை ஏஐ காப்பியடிக்கிறது.

பாணிக்கு உரிமை கிடையாது. அந்தப் பாணியை நீங்களும் அரண்மனைச் சுவரிலிருந்துதானே எடுத்தீர்கள்? உங்களுடைய குறிப்பிட்ட ஒரு படத்தை ஏற்றி, அதையே லேசாகத் திரித்து விற்றால் அது மீறல். இணையதளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்பது விதி. 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுபோகாவிட்டால் அது திரும்ப வந்துவிடலாம்.

ஏஐ வீடியோ என்று போட்டே ஆக வேண்டுமா?

உண்மைபோல் தெரியும் வீடியோ என்றால் ஆமாம். 2026 பிப்ரவரி 20 முதல் அமலில் உள்ள விதி.

என் சிறுகதைகளை ஏஐ படித்துப் பழகியிருக்கிறது. அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுத்தார்களாமே, எனக்கும் வருமா? (தக்கலை)

அந்த 150 கோடி டாலர் சமரசம் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2025-இல் ஒப்புக்கொண்டது. புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிய, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களுக்கு மட்டும். தமிழ்ச் சிறுகதைக்கு அந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. இங்கே, 2025 டிசம்பரில் மத்திய அரசின் குழு ஒன்று, ஏஐ நிறுவனங்கள் சட்டப்படி கைக்குக் கிடைக்கும் எல்லாப் படைப்பையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளட்டும், பதிலுக்கு ராயல்டி கட்டட்டும் என்று பரிந்துரைத்தது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அதில் எழுத்தாளருக்கு இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான். தோப்பில் தேங்காய் போட ஆளை அனுப்பிவிட்டு, விலை பிறகு பேசலாம் என்பதுபோல் இருக்கிறது.

குமரிமுனை திருவள்ளுவர் சிலையை ஏஐயில் வரைந்து டி-ஷர்ட்டில் அடிக்கலாமா?

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையை வரையலாம், போட்டோ எடுக்கலாம், வெளியிடலாம். 52-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஏஐ போட்டது ஓவியமா என்று யாராவது வம்புக்கு வாதாடலாம். காலையில் படகுத்துறைக்குப் போய் நீங்களே ஒரு போட்டோ எடுத்து அடித்தால் அந்த வம்பும் இல்லை. ஆனால் அதே படத்தை வைத்து 3டி பிரிண்டரில் குட்டிச் சிலை அடித்து, சங்குக் கடைகளில் விற்கக் கொடுக்கப்போகிறேன் என்றால் நில்லுங்கள். அந்த விலக்கு படத்துக்குத்தான், சிலைக்கு இல்லை. சிலை திறந்தது 2000-இல், அதை வடித்த கணபதி ஸ்தபதி மறைந்தது 2011-இல். இதில் எந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டாலும் குறைந்தது 2060 வரை உரிமை ஓடும்.