கூலர் மாற்றிய பின் திரை வரவில்லை: மதர்போட் போய்விட்டதா?

கேள்வி: மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுடைய கணினியில் இருப்பது ரைசன் 5 3600 புரொசசர். புரொசசரைக் குளிராக்க அதோடு வந்த சின்னக் கூலர் சத்தம் போட்டதால், கொழும்பிலிருந்து பெரிய கூலர் ஒன்றை எடுப்பித்து வீட்டிலேயே மாற்றினான். இப்போது சுவிச்சை அமத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன, மொனிட்டரில் ஒன்றும் வருவதில்லை. பழைய கூலரைத் திரும்பப் பூட்டியும் அப்படித்தான். ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கழற்றிப் பார்க்காமலே, "மதர்போட் போய்விட்டது, புதிது போடவேணும்" என்றார்கள். வாங்கலாமா?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். கூலரை மாற்றும்வரை ஒழுங்காக ஓடிய கணினி, மாற்றிய கையோடு நின்றிருக்கிறது. அப்படியானால் அந்த வேலையின்போது கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் புது மதர்போட் வாங்கச் சொல்வது சரியில்லை. எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் தாய்ப் பலகையான மதர்போட் பழுதாகவும் இருக்கலாம். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய சாமான்.

முதலில் மொனிட்டர் வயரைப் பாருங்கள். ரைசன் 5 3600-க்குள் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் வசதி கிடையாது. பெட்டியின் பின்பக்கம் மதர்போட்டிலும் எச்டிஎம்ஐ துளை இருக்கும். இந்தப் புரொசசரோடு அதில் படம் வராது. வயர் கீழே கிடையாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செருகும்போது இது மாறிப்போவது சாதாரணம்.

அது சரியாக இருந்தால், கரண்ட் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மதர்போட்டின் மேல் இடது மூலையில், கூலருக்குப் பக்கத்தில், புரொசசருக்கென்றே தனியாக ஒரு மின் இணைப்பு இருக்கும், பெரும்பாலும் 8 பின் (மின் முனை) உள்ளது. பெரிய கூலரைப் பூட்ட இடம் காணாமல் பலர் அதைக் கழற்றிவிடுவார்கள், அல்லது கை பட்டு அரைவாசி வெளியே வந்திருக்கும். மற்றப் பெரிய 24 பின் இணைப்பு சரியாக இருந்தால் விசிறி சுற்றும், லைட்டும் எரியும். ஆனால் புரொசசருக்குக் கரண்ட் போகாது, திரையும் வராது. நீங்கள் எழுதியிருப்பது இதே அறிகுறிதான். கிளிப் 'டிக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும்.

அடுத்தது ராம், அதாவது நினைவகத் தட்டுகள். பெரிய கூலர் ராமை உரசிக்கொண்டு நிற்கும். பூட்டும்போது ராம் கொஞ்சம் கிளம்பியிருந்தாலே போதும். இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் புரொசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது துளையில் போட்டுப் பார்க்கலாம். பிறகு மற்றதை அதே இடத்தில் போட்டுப் பார்க்கலாம். பல மதர்போட்டுகளின் ஓரத்தில் நான்கு சின்ன லைட்டுகள் உண்டு: புரொசசர், ராம், கிராபிக்ஸ், பூட் (கணினி தொடங்குவது) என்று. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடங்கல். கடைக்காரர் அதைக்கூடப் பார்க்கவில்லையென்றால் அவருடைய பேச்சை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

இவ்வளவும் சரி என்றால் ஒன்றை மகனிடம் கேளுங்கள்: பழைய கூலரை இழுக்கும்போது புரொசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததா? இந்த வகைப் புரொசசரில் ஊசி போன்ற பின்கள் அடிப்பக்கம் இருக்கின்றன, 1331 பின்கள். கூலருக்கும் புரொசசருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் காய்ந்துபோனால், புரொசசரைப் பிடித்திருக்கும் நெம்பு பூட்டியிருந்தாலும் புரொசசரையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்போது சில பின்கள் வளைந்திருக்கலாம். வளைந்த பின்னை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால், நல்ல வெளிச்சத்தில், பொறுமையாக நிமிர்த்தலாம்; முறிந்தால்தான் கஷ்டம். ஏசாமல் கேளுங்கள். பயத்தில் பிள்ளை மறைத்தால் தேவையில்லாத சாமானுக்குக் காசு போய்விடும். அடுத்தமுறை கழற்றுவதற்கு முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, கூலரை இடம் வலமாகத் திருகித் திருகி எடுக்கவேண்டும்.

மதர்போட்டுக்குப் பின்னால் உள்ள உலோகத் தகடும் கவனிக்க வேண்டியது. பழைய கூலரின் திருகாணிகளைக் கழற்றியதும் அது விழுந்துவிடும். திரும்பப் பூட்டும்போது கோணலாக இருந்தாலோ, பெட்டிக்குள் ஒரு திருகாணி விழுந்து கிடந்தாலோ ஷோட் ஆகும். ஆனால் ஷோட் என்றால் பெரும்பாலும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். உங்களுடையது அப்படியில்லை. கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டினாலும் வேறு அறிகுறிதான் வரும்: ஓடத் தொடங்கி, சூடேறி, பிறகு நிற்கும்.

இவ்வளவுக்கும் சரிவரவில்லையென்றால் வேறு கடைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் புரொசசரை அவர்களுடைய மதர்போட்டில் போட்டு, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே அது ஓடினால்தான் உங்கள் மதர்போட்டைக் குறை சொல்லலாம்.

கேள்வி: ஒன்லைனில் வாங்கிய கூலர் விசிறி ஒரு கிழமையில் நின்றுவிட்டது. கடை பதில் சொல்வதில்லை. என்ன செய்யலாம்?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: முதலில் விசிறியின் வயரை மதர்போட்டில் வேறொரு விசிறித் துளையில் செருகிப் பாருங்கள். அங்கேயும் சுற்றவில்லையென்றால் விசிறியில்தான் பிழை. சுற்றாததை வீடியோ எடுத்து, ரசீதின் படத்தோடு கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள்; தொலைபேசியில் பேசுவது பிறகு சாட்சிக்கு உதவாது. கடை ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம். ரசீதின் அடியில் உள்ள சின்ன எழுத்தையும் வாசியுங்கள். இங்கே பல கணினிக் கடைகள் ஒரு வருட வாரண்டி என்பதை 350 நாள் என்றுதான் அச்சிடுகின்றன. எரிந்த அடையாளம், உடைவு இருந்தால் ஏற்பதில்லை என்றும் எழுதியிருக்கும். உங்களுடையது ஒரு கிழமைதான் என்பதால் நாள் கணக்கில் சிக்கல் இல்லை.

பிறகும் பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கொடுத்த வாரண்டிக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி அங்கே முறையிடலாம். விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். கடை கொழும்பில் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

கேள்வி: யாழ்ப்பாண வெக்கைக்கு வாட்டர் கூலர் போட்டால் நல்லதா?
(மாணவர், சுன்னாகம்)

பதில்: ரைசன் 5 3600 போன்ற 65 வாட் புரொசசருக்குத் தேவையில்லை. வாட்டர் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிராக்காது. அதற்கும் விசிறி உண்டு, அதிலும் தூசு பிடிக்கும். செம்மண் புழுதி உள்ள பக்கம் என்றால், அந்தக் காசுக்கு நல்ல விசிறிக் கூலர் ஒன்றும் பெட்டிக்குத் தூசு வலையும் வாங்கி, சில மாதத்துக்கு ஒருமுறை துப்புரவாக்குங்கள். தூசு போகக் காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும், சுழலவிட்டால் பெயரிங் கெட்டுப்போகும்.