மார் ஏர்ல் பட்டம் ஏன் இரண்டு குடும்பங்களிடம் இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் ‘மார் ஏர்ல்’ என்ற பரம்பரைப் பிரபுப் பட்டத்தை இரண்டு குடும்பங்கள் வைத்திருப்பதற்கு வம்சாவளிக் குழப்பம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். வம்சாவளியில் குழப்பமே இல்லை. யார் யாருக்குப் பிறந்தார் என்பதில் இரு தரப்புக்கும் ஒரே பேச்சுதான். சண்டை மூலப்பத்திரத்தில். பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான் என்பதால் இந்த வழக்கின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

மார், கெல்லி என்ற இரண்டு பட்டங்களையும் வைத்திருந்த ஏர்ல் 1866-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். கெல்லி பட்டம் ஆண்வழிக்கு உரியது; பங்காளிக்குப் போனது. மார் பட்டத்தை இறந்தவரின் சகோதரி மகன் குடீவ்-எர்ஸ்கின் சூடிக்கொண்டார். அது பெண்வழியிலும் இறங்கும் என்றார். அதுவும் தனக்கே என்று பங்காளி வழக்குக்குப் போனார்.

பெண்வழி என்பது கட்டுக்கதையல்ல. 1374-ல் ஏர்ல் தாமஸ் வாரிசின்றி இறந்தபோது பட்டம் அவர் தங்கை மார்கரெட்டுக்கும், பிறகு அவள் மகள் இசபெல்லாவுக்கும் வந்தது. இந்த இசபெல்லா விதவையாக இருந்தபோது, அரச குடும்பத்தின் முறைதவறிப் பிறந்த வாரிசு அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் அவளுடைய கில்ட்ரம்மி கோட்டையைப் பிடித்துக்கொண்டான். 1404 ஆகஸ்டில் பட்டமும் நிலமும் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் என்று அவளிடம் எழுதி வாங்கினான். மிரட்டி வாங்கிய பத்திரம் நிற்காது என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும். டிசம்பரில் கோட்டை வாசலில் எல்லோரும் பார்க்கச் சாவியை அவள் கையில் கொடுத்தான். அவள் தன் விருப்பத்தோடு அவனையே கணவனாக ஏற்று, தங்களுக்குப் பிள்ளையில்லாவிட்டால் சொத்து தன் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்று புதிதாக எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு வரியை எழுதிய கைக்கு நான் கும்பிடு போடுவேன்.

1435-ல் அலெக்சாண்டர் இறந்தான். இசபெல்லாவின் வாரிசான எர்ஸ்கின் குடும்பம் உரிமை கேட்டது. அரசர்கள் அதைத் தட்டிக்கழித்து, 1457-ல் நடுவர் குழுவை வைத்துத் தங்களுக்கே என்று ஆக்கிக்கொண்டார்கள். 1565-ல்தான் அரசி மேரி எர்ஸ்கின் பிரபுவுக்கு மார் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து அவரை ஏர்ல் ஆக்கினார்.

வழக்கே இங்குதான். மேரி பெண்வழியிலும் இறங்கும் பழைய பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாரா, புதிதாக ஒன்றை உண்டாக்கினாரா? பட்டத்துக்கான ஆவணம் எதுவுமே கிடைக்கவில்லை. நிலத்துக்கான சாசனம் உண்டு. அது பெண்வழியையும் விலக்கவில்லை. ஆனாலும் 1875-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு அதை ஒதுக்கிவிட்டு, 1565-ல் புதுப் பட்டம் உண்டானது, ஆவணம் இல்லாததால் ஆண்வழிக்கே என்று ஊகிக்க வேண்டும் என்று பங்காளி பக்கம் தீர்த்தது. கண்ணால் காணாத பத்திரத்தின் ஷரத்தை ஊகித்த தீர்ப்பு! என்னால் இன்றும் அதை ஏற்க முடியவில்லை.

எதிர்ப்பு ஓயாததால் 1885-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது: பழைய பட்டமும் அழியவில்லை, அது குடீவ்-எர்ஸ்கினுக்கு; 1565 பட்டம் பங்காளியிடமே இருக்கட்டும். அப்படித்தான் ஒன்று இரண்டானது. பங்காளிக் கிளையினர் ‘மார் மற்றும் கெல்லி ஏர்ல்’ என்று சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். பழைய பட்டம் இப்போது ஒரு பெண்ணிடம் இருக்கிறது; 31-ஆம் மார் கவுண்டஸ் (பெண் ஏர்லை அப்படித்தான் அழைப்பார்கள்) அவர், 2020 வரை பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருந்தார்.