சரணாலய எல்லை என் கொல்லைக்குள் வருகிறதா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கேழ்வரகும் அவரையும் விதைக்கிறோம். காட்டோரம் அளக்க வந்தவர்கள், மேற்கு வரப்பிலிருந்து கால் ஏக்கர் சரணாலயத்துக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராணுவத்தில் ஜெய்சால்மரில் இருக்கும் என் தம்பி, அங்கே பாலைவனத் தேசியப் பூங்காவின் எல்லையைத் திருத்தி ஊர்களை வெளியே விடச் சொல்லிப் பல காலமாகக் கேட்கிறார்கள், நாமும் அப்படி மனு கொடுக்கலாம் என்கிறான். கொடுக்கலாமா?

பதில்: அய்யா, மனு கொடுங்கள். ஆனால் தம்பி சொல்கிற மனு உங்களுக்கு உதவாது. எல்லையை மாற்றச் சொல்வது வேறு, இருக்கிற எல்லை எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொல்வது வேறு. முதலாவது டெல்லி வரை போகவேண்டிய வேலை. இரண்டாவது உங்கள் மாவட்டத்திலேயே முடியக்கூடியது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

ஜெய்சால்மர் நிலைமை ஏன் வேறு என்று சொல்லிவிடுகிறேன். 1980இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். பெயரில்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி அதுவும் சரணாலயமே. கானமயில் என்ற அரிய பறவையைக் காக்கக் கோடு போட்டபோது ஊர்கள், மேய்ச்சல் நிலம், பட்டா நிலம் எல்லாம் உள்ளே விழுந்துவிட்டன. சாலைக்கும் மின்கம்பத்துக்கும்கூட அனுமதி தேடி அலைய வேண்டிய நிலை. அங்கே எல்லையே ஊரின் மேல் கிடக்கிறது, எனவே எல்லையைத் திருத்தக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு.

உங்கள் பக்கம் கதை அப்படியல்ல. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம், 686.406 சதுர கிலோமீட்டர், ஏற்கெனவே காப்புக்காடாக இருந்த நிலத்தின் மேல் அமைந்தது. 2014இல் வந்த காவிரி வடக்கு சரணாலயத்தோடும் கர்நாடகக் காடுகளோடும் சேர்ந்து அது யானைகளுக்கு ஒரே தொடர் நடைவழியாகிறது. காப்புக்காட்டின் எல்லைதான் சரணாலயத்தின் எல்லை என்றால், உங்கள் பட்டாவை 2022இல் யாரும் புதிதாக விழுங்கவில்லை. உங்கள் வரப்புக்கும் பழைய காப்புக்காட்டு எல்லைக்கும் இடையே ஒரு குழப்பம் முன்பே இருந்திருக்கிறது, இப்போது வெளியே தெரிகிறது.

அந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கொல்லையில், வரைபடத்தில் இருக்கும் எல்லைக்கல்லை நான்கு பேர் அரை நாள் தேடினோம். உண்ணிச்செடிப் புதரை வெட்டி உள்ளே போனால், கறையான் புற்று பாதி மூடிய கற்குவியல். அதன் நடுவே எண் வெட்டிய கல், எண்ணில் பாசி. அதுவரை எல்லோரும் எல்லை என்று நினைத்திருந்தது, யானை அகழி தோண்டியபோது புரண்டுவந்து கிடந்த வேறொரு கல்லை. உண்மையான எல்லை அதிலிருந்து இருபது அடி காட்டுப் பக்கம் இருந்தது. அன்றைக்கு அந்த விவசாயியின் வயதான அம்மா கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எதிர்ப்பக்கமாகவும் நடக்கும்: வரப்பு ஆண்டுக்கு ஒரு சால் என்று காட்டுக்குள் நகர்ந்திருக்கும். உங்கள் விஷயத்தில் எது என்று அளந்தால்தான் தெரியும்.

ஆகவே முதலில் காகிதங்களைச் சேருங்கள். பட்டா, சிட்டா, சில ஆண்டுகளின் அடங்கல் (பயிர்க் கணக்கு), அ-பதிவேட்டு (ஊரின் நிலப் பதிவேடு) நகல், புலப்பட (உங்கள் புல எண்ணின் அளவை வரைபடம்) நகல். இவற்றில் புலப்பட நகல்தான் உயிர், ஏனென்றால் பக்க அளவுகள் அதில்தான் இருக்கின்றன. மறுபக்கத்துக்கு, அந்தக் காப்புக்காட்டை அறிவித்த அரசிதழ் அறிவிக்கையும் எல்லை விவரமும் வேண்டும். மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தமிழ்நாடு வனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அறிவிக்கை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 4ஆம் பிரிவு அறிவிக்கை, காப்புக்காடாக்கப் போகிறோம் என்ற வெறும் உத்தேசம். 16தான் முடிவு.

பிறகு மாவட்ட ஆட்சியருக்கு மனு, வன அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் நகல். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். “எல்லையை மாற்றித் தாருங்கள்” என்று எழுதவே எழுதாதீர்கள். அந்த ஒரு வரி, நிலம் சரணாலயத்துக்குள் இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். “இந்தப் புல எண்ணின் மேற்கு எல்லையை வருவாய்த் துறையும் வனத்துறையும் கூட்டாக அளந்து காட்ட வேண்டும்” என்று எழுதுங்கள்.

எல்லையையே மாற்றுவது ஏன் கடினம் என்றும் தெரிந்திருக்கட்டும். கட்ச் பாலைநிலத்தில் நாராயண் சரோவர் சரணாலயம் 1981இல் 765.79 சதுர கிலோமீட்டராக இருந்தது. 1995இல் குஜராத் சட்டமன்றம் தீர்மானம் போட்டு 444.23ஆகச் சுருக்கியது. வெளியே விடப்பட்ட நிலத்தில் சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக்கல் இருந்தது. அப்போது மாநிலச் சட்டமன்றமே போதும். 2002 திருத்தத்துக்குப் பின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவுப்படி, தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாநில அரசு எல்லையைத் தொட முடியாது. அந்த வாரியத்தின் தலைவர் பிரதமர். சரணாலய நிலத்தை விடுவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000 நவம்பரில் போட்ட தடை வேறு இருக்கிறது. இந்தப் பூட்டு இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். கருங்கல் குவாரிக்குப் பெயர்போன நம் மாவட்டத்தில், கால் ஏக்கர் விவசாயிக்காகத் திறக்கும் கதவில் யார் யார் நுழைவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கோடும் உண்டு, சூழல் உணர்திறன் மண்டலம். அது சரணாலயத்துக்கு வெளியே ஓடுவது. உங்கள் நிலம் அதற்குள் வந்தாலும் பட்டா போகாது, உழவு நிற்காது. குவாரி, மாசுபடுத்தும் ஆலை போன்றவற்றுக்குத்தான் தடை. வரைவு அறிவிக்கை வந்தால் ஆட்சேபம் சொல்ல 60 நாள் தருவார்கள்.

அளந்தபின் அந்தக் கால் ஏக்கர் காட்டுக்குள்தான் என்று வந்தால்? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்குள்ளும் செல்லும். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்துவந்த, பிழைப்புக்கு அதையே நம்பிய பழங்குடியினர் கிராம சபை வழியாக உரிமை கோரலாம். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். கையில் பட்டா வைத்திருப்பவருக்கு இது எளிதல்ல, ஆனாலும் உங்கள் தாத்தா காலத்துத் தீர்வை ரசீது ஏதாவது பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்கள்.

அளக்கும் தேதி தெரிந்ததும் அக்கம்பக்கத்து நிலக்காரர்களையும் கிராம நிர்வாக அலுவலரையும் வரச் சொல்லுங்கள். முந்தைய வாரமே வனக்காப்பாளரிடம் சொல்லி, அவர் முன்னிலையில் புதரை ஒதுக்கிக் கற்களை வெளியே தெரியும்படி செய்யுங்கள். கல்லை மட்டும் கையால் அசைக்காதீர்கள், அது குற்றம். கேழ்வரகு முற்றி யானை இறங்கும் மாதமாக இருந்தால் காலை எட்டு மணிக்கு முன் யாரையும் மேற்கு வரப்புக்கு அழைத்துப் போகவேண்டாம். அளவு முடிந்ததும் இரண்டு துறையினரும் கையெழுத்திட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.