வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து பிள்ளை தத்தெடுத்தவர்கள், அந்தப் பிள்ளை உங்களோடு ஒட்டும்வரை என்ன செய்தீர்கள்?

தத்தெடுத்தது நானில்லை, என் தங்கை. அவளும் கணவரும் கனடாவிலிருந்து வந்து, வழக்கு முடியும்வரை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில்தான் நின்றார்கள். பெரியம்மாவாகக் கூட இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நீங்கள் பெற்றோரைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் என் பதிலில் பாதி சொந்தக்காரருக்கு.

சட்ட விஷயத்தைக் கெதியாக முடித்துவிடுகிறேன். சிறுவர் இல்லத்துக்குப் போய் "இந்தப் பிள்ளையைத் தாருங்கோ" என்று கேட்க முடியாது. நீங்கள் வாழும் நாட்டின் அதிகாரசபை (கனடாவென்றால் உங்கள் மாகாணத்தினுடையது) உங்கள் வீட்டைப் பற்றிய அறிக்கையோடு கோப்பை இங்குள்ள நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு அனுப்பும். பிள்ளையை ஒதுக்குவது அவர்கள். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மனு. கணவன், மனைவி இரண்டு பேரும் நேரில் நிற்க வேண்டும். 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி உங்களுக்கு வயது 25க்குக் குறையாமல் இருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூப்பாக இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் அதன் சம்மதமும் தேவை. "காசு தாங்கோ, நான் பிள்ளை பார்த்துத் தாறன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். லீவு ஒரு மாதத்துக்குக் குறையாமல் எடுத்து வாருங்கள்.

அந்த ஒரு மாதத்தை நிறையப் பேர் வீணாக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கோர்ட்டுக்கும் விசாவுக்கும் காத்திருக்கும் நாட்களென்று நினைத்து, காலிமுகத்திடல், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, மாமா வீட்டில் மதியச் சாப்பாடு, சித்தி வீட்டில் இரவுச் சாப்பாடு என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். எங்கள் வீட்டிலும் அதற்குத்தான் ஆயத்தம் நடந்தது.

பிள்ளைக்கு மூன்று வயது. சிங்களம் மட்டும் பேசுவாள். வந்த அன்றே என் மடியில் ஏறினாள், பக்கத்து வீட்டு அன்ரியின் இடுப்பில் ஏறினாள், பால் கொண்டுவந்த பெடியனுக்கும் கை நீட்டினாள். "பாருங்கோ, என்ன மாதிரி எல்லாரோடும் ஒட்டுது" என்று அம்மா பூரித்துப் போனார். தங்கையின் முகம்தான் சரியில்லை. கனடாவில் அவர்களுக்கு நடந்த வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். ஷிஃப்ட் மாறி மாறி வரும் ஆட்களிடம் வளர்ந்த பிள்ளை எல்லோரிடமும் போகும்; தன்னுடைய ஆள் யாரென்று அதற்கு இன்னும் தெரியாது. நம் சனம் அதைத்தான் நல்ல குணம் என்று மெச்சும்.

அன்றிரவே தங்கை சட்டம் போட்டுவிட்டாள். சோறு தீத்துவது, குளிப்பாட்டுவது, நித்திரையாக்குவது, அழுதால் தூக்குவது நாலும் தாய் தகப்பன் மட்டும். மற்ற எவரிடம் பிள்ளை கை நீட்டினாலும், சிரித்துவிட்டுத் தங்கையிடம் அனுப்ப வேண்டும். முதல் பேத்திக்கு ஒரு வாய் சோறு தீத்தக் கூடாதா என்று அம்மாவுக்குச் சரியான கோபம். ஒரு நாள் முழுக்க மகளோடு கதைக்கவில்லை. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: பருப்பும் சோறும் குழைத்து, கோப்பையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். விசிட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்தி, பொம்மையை வாங்கி வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பியது நான். இரண்டு பேர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். காட்டட்டும்.

தகப்பனுக்குத்தான் பாடு. இல்லத்தில் பார்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் பெண்கள். கையை நீட்டி வருவாள், ஆனால் தூக்கினால் உடம்பு விறைத்துவிடும். அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பல்கனியில் நிலத்தில் உட்கார்ந்து, கரையோரம் போகும் ரயிலின் பெட்டிகளைச் சத்தமாக எண்ணத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், எக்காய், தெக்காய், துனாய் என்று. முதலில் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள், பிறகு வாசற்படியில், பிறகு அவருடைய முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு. ஹோர்ன் சத்தம் கேட்டால் அவரைத் தேடிப்போய்ச் சேர்ட்டைப் பிடித்து இழுக்கும் வரைக்கும் வந்தது.

இல்லத்திலிருந்து கூட்டி வரும்போது கேட்டு வர வேண்டியவை: எத்தனை மணிக்குச் சாப்பாடு, லைட் போட்டுத்தான் படுப்பாளா, என்ன சோப். இவளுக்கு பேபி செரமி; அதே வாசனை வேண்டுமென்று அதையே வாங்கினோம். அவள் பாவித்த படுக்கை விரிப்பொன்றைத் தோய்க்காமலே கேட்டு வாங்கி வந்தோம். தலையணைக்கடியில் பாண் துண்டு ஒளித்து வைத்தால் ஏசாதீர்கள். தங்கை கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவில் மாரி பிஸ்கட் போட்டு, "இது உன்ர, முடிய முடியப் போடுவன்" என்று காட்டிவிட்டாள்.

எத்தனை நாள் என்றால் சொல்லத் தெரியாது. கொழும்பில் தொடங்கியது, கனடாவிலும் இழுபட்டது. ஆனால் புறப்படுவதற்கு முன் ஒரு நாள் தங்கை குளிக்கப் போக, நான் பிள்ளையைத் தூக்கினேன். கத்திக் கூப்பாடு போட்டு என்னைத் தள்ளிவிட்டாள். அம்மா பதறிப்போனார். தங்கை ஈரத்தலையோடு ஓடிவந்து வாங்கிக்கொண்டாள், முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

இன்னொன்று, கடதாசிகள். 1980களில் இங்கே "பேபி ஃபார்ம்" வைத்துப் பிள்ளைகளை விற்றார்கள். 1987இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே கொஞ்சக் காலம் நிறுத்த வேண்டி வந்தது. சர்வதேசத் தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கை 1995 மே 1இல் நடைமுறைக்கு வந்தபோது, முதலில் சேர்ந்த மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. இப்போதுள்ள கெடுபிடியெல்லாம் அதனால்தான். அன்று போன பிள்ளைகள் வளர்ந்து, பொய்ப் பெயர் எழுதிய பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் தாயைத் தேடி இங்கே வருகிறார்கள். உங்கள் பிள்ளையும் ஒரு நாள் கேட்கும். நீதிமன்றக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி, பழைய பிறப்புப் பதிவு, இல்லத்தில் பார்த்துக்கொண்டவர்களின் பெயர், சேர்ந்து எடுத்த படம் எல்லாவற்றையும் இரண்டு செட்டாக எடுங்கள். ஒரு செட் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.