கேலி செய்த படமும் கைதட்டிய வீடியோவும் – கடிதம்

வணக்கம் சார்,

பைக் பித்துப் பிடித்த நண்பர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். வண்டி ஓட்டுவதைவிட வீடியோ அனுப்பிக்கொள்வதுதான் அதிகம் என்று வீட்டில் திட்டு. சமீபத்தில் வந்தவை இவை: ஆள் விழுந்த பிறகும் தானாக ஓடிக்கொண்டே போன பைக். முன்சக்கரத்துக்குள்ளேயே இன்ஜின் வைத்த ஒரு பழைய பைக்கின் படம். மீட்டர் முள் கடைசிவரை போகும் டாப் ஸ்பீடு வீடியோ. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து மைலேஜைக் கூட்டும் கிட். இன்ஜினை ஓடவிட்டே செயினை இரண்டு நிமிடத்தில் சுத்தம் செய்யும் முறை. ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் உதறி ஒருவர் தூக்கியெறியப்படுவது.

முன்சக்கர இன்ஜின் படம் கம்ப்யூட்டரில் செய்தது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். செயின் வீடியோவுக்கு ஒரே கைதட்டல். எனக்கு எதிலும் நிச்சயமில்லை. எதை நம்பலாம், எதை மேற்கொண்டு அனுப்பலாம்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குழு தீர்ப்பை மாற்றிச் சொல்லிவிட்டது. கேலிக்குள்ளான படம் உண்மை. கைதட்டல் வாங்கிய வீடியோ விரலை எடுத்துவிடும்.

அந்தப் பழைய பைக்கின் பெயர் மெகோலா. 1920களின் முதல் பாதியில் ஜெர்மனியின் மியூனிக்கில் தயாரானது. முன்சக்கரத்தின் நடுவே ஐந்து சிலிண்டர்கள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும், மொத்தம் 640 சிசி. சக்கரம் சுற்றும்போது சிலிண்டர்களும் கூடவே சுற்றும். கிளட்ச் கிடையாது, கியர்பாக்ஸும் கிடையாது. ஆகவே வண்டி நின்றால் இன்ஜினும் நின்றாக வேண்டும். மறுபடி கிளப்ப ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், இல்லையென்றால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும்.

பார்க்க விநோதமாக இருக்கிறது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. இந்தத் துறையில் கிறுக்கர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை. 1992-ல் ஹோண்டா விற்பனைக்கு விட்ட என்ஆர் பைக்கின் பிஸ்டன் வட்டமே அல்ல, நீளவாக்கில் இழுத்த முட்டை வடிவம். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு கனெக்டிங் ராடு, எட்டு வால்வு. அமெரிக்காவின் எம்டிடி நிறுவனம் ஹெலிகாப்டருக்கான டர்பைனையே ஒரு பைக்கில் பூட்டி விற்றது. 2003-ல் டாட்ஜ் காட்டிய டோமஹாக்கில் நான்கு சக்கரம், 8.3 லிட்டர் கொள்ளளவில் பத்து சிலிண்டர் கார் இன்ஜின். இந்தக் கடைசி வண்டியில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. வண்டி உண்மை. அதன் பெயரில் சுற்றும் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் என்ற கதையை யாரும் ஓட்டிக் காட்டியதில்லை.

கம்ப்யூட்டர் செய்த படமா என்ற சந்தேகம் வந்தால் விநோதமான பாகத்தை விட்டுவிட்டுச் சாதாரணப் பாகங்களைப் பாருங்கள். சிலிண்டர் எத்தனை, அவற்றிலிருந்து கிளம்பும் புகைக்குழாய் எத்தனை? செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) புறப்பட்டுப் பின் ஸ்ப்ராக்கெட்டில் போய்ச் சேர்கிறதா, வழியில் காணாமல் போகிறதா? டிஸ்க் பிரேக் இருந்தால் லீவரிலிருந்து ஒரு ஹோஸ் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர்வரை போயாக வேண்டும். பெட்ரோல் டேங்கின் பளபளப்பை மென்பொருள் அழகாகச் செய்துவிடும், ஹோஸ் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் தடுமாறும். இன்றைய பைக்கில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) இடது கையில் தெரிந்தால் படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆளில்லாமல் ஓடும் பைக்கில் மாயமும் இல்லை, தந்திரமும் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்வாக இருப்பதால், ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டிப் பார்த்தால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். சாலை பைக்குகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் 90 முதல் 110 மில்லிமீட்டர். பெயர் ட்ரெய்ல். பைக் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் முன்சக்கரம் அதே பக்கம் தானாகத் திரும்பும். திரும்பியதும் டயர்கள் சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்து வண்டியை நிமிர்த்திவிடும். சுழலும் சக்கரம் தன் அச்சைத் தக்கவைத்துக்கொள்ளப் பார்க்கும் கைரோ விளைவும் இதில் சேர்கிறது. ஆனால் இவை இரண்டு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இரண்டையும் நீக்கிச் செய்த ஒரு சிறிய சோதனைச் சைக்கிளும் தானாக நிமிர்ந்து ஓடியதை 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். எடை எங்கே இருக்கிறது என்பதற்கும் பங்குண்டு. ஆள் விழுந்ததும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும் கைகள் போய்விடுகின்றன, மேலே இருந்த எடையும் இறங்கிவிடுகிறது. வண்டிக்கு அது வசதிதான். சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார் பல பைக்குகளில் உண்டு. வண்டி நிமிர்ந்தே ஓடுவதால் அதுவும் வேலை செய்யாது. வேகம் குறைந்து நிமிர்த்தும் விசை போதாமல் போகும்வரை ஓடும், பிறகு விழும்.

டாப் ஸ்பீடு வீடியோவுக்கு ஒரு கணக்குப் போதும். இன்ஜின் ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு அது சுற்றும் சுற்றுகளை, பின்டயரின் சுற்றளவால் (மீட்டரில்) பெருக்கி, 60-ஆல் பெருக்கி, மொத்த கியர் விகிதத்தாலும் பிறகு 1000-ஆலும் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். மொத்த விகிதம் என்பது பிரைமரி (இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்கு), அந்தக் கியர், செயின் ஸ்ப்ராக்கெட் ஆகிய மூன்று விகிதங்களின் பெருக்கல். பைக்கின் விவரக்குறிப்பில் மூன்றும் இருக்கும். 9000 ஆர்பிஎம், சுற்றளவு 1.9 மீட்டர், விகிதம் 7 என்றால் 146-க்குச் சற்று மேல். மீட்டர் 190 காட்டினால் ஏதோ இடிக்கிறது. மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது சகஜம், ஆனால் இவ்வளவு அல்ல. இன்னொரு சூது, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை மட்டும் சுழலவிட்டு மீட்டரைப் படம்பிடிப்பது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் முன்சக்கரம் அசையாததைக் கண்டுகொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும், அது அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். நம்ப முடியாத வேகம் எல்லாமே பொய் என்றும் இல்லை. 2016-ல் கெனன் சோஃபுவோலு துருக்கியில் திறக்கப்படாத ஒரு பாலத்தில் கவாஸாகி ஹெச்2ஆர் பைக்கை 26 நொடியில் 400-க்குக் கொண்டுபோனார்.

சக்கரம் பின்னோக்கிச் சுற்றும் வீடியோவும் உங்கள் குழுவுக்கு வந்திருக்கும், அல்லது வரும். கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது. ஐந்து ஸ்போக் அலாய் வீல் நொடிக்கு ஆறு சுற்றுச் சுற்றினால், அதாவது ஏறக்குறைய 41 கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்போக் முந்தைய ஸ்போக்கின் இடத்துக்கு வந்துவிடும். சக்கரம் நின்றதுபோல இருக்கும். வேகம் கொஞ்சம் குறைந்தால் பின்னோக்கிச் சுற்றும். சிரித்துவிட்டு அனுப்புங்கள், யாருக்கும் கேடில்லை.

தண்ணீர் கிட் அப்படியல்ல, அது பணத்தையும் இன்ஜினையும் தின்னும். கணக்கைப் பாருங்கள். ஆறு செல் கொண்ட கிட், பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 120 வாட். மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும் அளவைச் சொல்லும் ஃபாரடே விதிப்படி கிடைப்பது நிமிடத்துக்கு 420 மில்லிலிட்டர் அளவு ஹைட்ரஜன். அதை எரித்தால் 75 வாட் வெப்பம். பெட்ரோல் இன்ஜின் வெப்பத்தில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் கிராங்கில், அதாவது இன்ஜினின் சுழலும் தண்டில், கிடைப்பது 19 வாட். அந்த 120 வாட் மின்சாரத்தைத் தயாரிக்கவோ, வழியில் ஆகும் நஷ்டத்தையும் சேர்த்து, அதே கிராங்கிலிருந்து 200 வாட் வரை போகிறது. 200 கொடுத்து 19 வாங்குவதற்கு ஒரு கிட் எதற்கு? வீடியோவில் குமிழி கொப்பளிப்பதெல்லாம் உண்மைதான், பார்க்கவும் நன்றாக இருக்கும். அது இன்ஜினுக்கு எவ்வளவு சிறிய துளி என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

பொருத்தியவர்கள் சிலர் மைலேஜ் கூடியது என்று சத்தியம் செய்வார்கள். கிட் போடும் நாளில் ஏர் ஃபில்டரும் மாறியிருக்கும், டயர் காற்றும் சரிபார்த்திருப்பார்கள். கூடவே எரிபொருள் கலவையை மெலிதாக்கியிருந்தால் மைலேஜ் கொஞ்சம் கூடத்தான் செய்யும், பிறகு எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கிட்டில் ஊற்றும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும் காரம், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மைலேஜ் மாறியதா என்று தெரிய வேண்டுமானால் சமதரையில் வண்டியை ஒரே நிலையில் நிறுத்தி, டேங்கில் அதே குறிவரை நிரப்பி, தொடர்ந்து மூன்று டேங்காவது அதே வழியில் ஓட்டிக் கணக்கிடுங்கள். ஒரு டேங்க் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இனி செயின். சாகச வீடியோவைப் பார்த்து எல்லோரும் சாகசம் செய்யக் கிளம்பிவிடுவதில்லை. யோசனை வீடியோவைப் பார்த்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்க்கிறார்கள். அதனால் எனக்கு முன்னதைவிடப் பின்னதைக் கண்டால்தான் பயம்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு முதல் கியரில் ஐடிலில், அதாவது த்ராட்டிலைத் திருகாமல், ஓடவிட்டால் செயின் மெதுவாகப் போவதுபோலத்தான் தெரியும். 1400 ஆர்பிஎம், மொத்த விகிதம் 30 என்றால் பின்சக்கரம் நிமிடத்துக்கு 47 சுற்று. 44 பல் ஸ்ப்ராக்கெட், 428 செயினில் இணைப்புக்கு இணைப்பு 12.7 மில்லிமீட்டர். ஆக நொடிக்கு 44 சென்டிமீட்டர் செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகிறது. துணியின் நூல் ஒன்று பல்லில் மாட்டியது மூளைக்கு எட்டிக் கை விலக ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் 11 சென்டிமீட்டர் உள்ளே போயாயிற்று. விரலின் நீளம் அதைவிடக் குறைவு. ஐடிலில் இன்ஜின் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். முதல் கியரின் முறுக்குவிசை முன்னால் விரல் ஒரு தடையே அல்ல.

செய்யும் முறை: இன்ஜின் அணைந்து சாவி வெளியே இருக்கட்டும், கியர் நியூட்ரலில். பின்சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றினால் கீழ்ச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு விலகி முன்னால் போகும், துணி பல்லுக்குள் இழுபடாது. முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் நான்கு பக்கமும் தேய்த்து உடனே துடைத்துவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். இரண்டும் செயின் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். ஓ-ரிங் போனால் உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும், அதன் பிறகு மேலே எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இணைப்புகளின் உள்ளே இருக்கும் ஊசிக்குப் போய்ச் சேராது. டபிள்யூடி-40 ஸ்ப்ரே அழுக்கை இளக்கும், ஈரத்தை விலக்கும். செயினில் தங்கி உராய்வைத் தாங்கும் எண்ணெயாக அதை எண்ணக் கூடாது.

நன்றாகக் காய்ந்ததும் செயின் லூப் (செயினுக்கென்றே விற்கும் எண்ணெய்) அல்லது 90 கிரேடு கியர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கத்தில், தகடுகள் சேரும் இரண்டு விளிம்பிலும் விடுங்கள். ஓடும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். வெளியில் விட்டால் பறந்து பின்டயரில்தான் படியும். ஓட்டி முடித்துச் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்டால் நன்றாக ஊறும். அரைமணி கழித்து மிகுதியைத் துடைத்துவிடுங்கள். தொய்வைப் பார்க்கும்போது சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். பல சாலை பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. தொய்ந்த இடத்தை வைத்து இறுக்கினால் மறுபாதி விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் உட்காரும்.

ஹேண்டில் உதறும் வீடியோவுக்கு உங்கள் குழு சிரித்திருக்கும். முன்சக்கரம் லேசாகி எழும்பிக் கோணலாகத் தரையைத் தொடும்போது ட்ரெய்ல் அதை நடுவுக்கு இழுக்கிறது. அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது, மறுபடி இழுபடுகிறது. நொடிக்கு நான்கிலிருந்து பத்து முறை. கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. இறுக்கிப் பிடித்தால் உடம்பின் ஆட்டமும் அதில் சேர்ந்துகொள்ளும். முழங்காலால் டேங்கை இறுக்கி, கையைத் தளர்த்தி, உடம்பை முன்னால் சாய்த்து, த்ராட்டிலை மெல்லக் குறைக்க வேண்டும். முன்பிரேக்கைத் தொடவே கூடாது.

அந்த வீடியோவை அனுப்பும்போது கூடவே ஒரு சோதனையையும் எழுதி அனுப்புங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவர் அழுத்த முன்சக்கரம் எழும்பட்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக் என்று இடித்தால் ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விரல் நுனியால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல நின்றால் பேரிங் தடம் குழிந்துவிட்டது. நட்டை இறுக்கிப் பயனில்லை, பேரிங்கை மாற்ற வேண்டும்.

அன்புடன்