சுவிட்ச் சொல்லும் பெயரை நம்பலாமா? நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளில் கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் உள் வலையமைப்பில் மட்டுமே இயங்குகிறது. அதில் உள்நுழையக்கூடியவர்கள் மூன்று நிர்வாகிகள்தாம். வெளியாள் ஒருவர் அதற்குள் ஸ்கிரிப்டை எப்படிப் புகுத்த முடியும்?

பதில்: கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் (பிறர் பார்க்கும் வலைப்பக்கத்துக்குள் தீங்கான ஸ்கிரிப்டைப் புகுத்தும் தாக்குதல்) என்றதும், விஷமி ஒருவர் ஏதோ ஒரு படிவத்தில் எதையோ தட்டச்சு செய்து அனுப்பும் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. மேலாண்மை மென்பொருளின் கதை வேறு. அதற்கு உள்ளீடு தருபவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். அது கண்காணிக்கும் ஒவ்வொரு சாதனமும் உள்ளீடு தருகிறது. புதிய சுவிட்ச் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் சாதனம்) ஒன்று இணைந்ததும், மென்பொருள் எஸ்என்எம்பி (சாதனங்களைக் கண்காணிக்க உதவும் நெறிமுறை) வழியாக அதன் பெயர், விவரம், இருப்பிடம், பொறுப்பாளர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, தரவுத்தளத்தில் சேமித்து, நிர்வாகியின் திரையில் அட்டவணையாகக் காட்டுகிறது. அந்தப் பெயருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் ஒளிந்திருந்து, மென்பொருளும் அதை மாற்றாமல் பக்கத்தில் எழுதிவிட்டால், உலாவி அதைப் பெயராகக் காட்டாமல் நிரலாக இயக்கிவிடும்.

தாக்குபவருக்கு இதற்கு உள்நுழைவுக் கணக்கே வேண்டியதில்லை. தானியங்கிக் கண்டறிதல் இயங்கும் வலையமைப்பில் ஒரு மடிக்கணினியைச் செருகி, எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சிறு நிரலை அதில் ஓடவிட்டால் போதும். டிராப் செய்திகள், அதாவது சாதனம் தானாகவே அனுப்பும் எஸ்என்எம்பி எச்சரிக்கைகள், இதைவிட எளிய வழி. அவை யுடிபி 162-ஆம் போர்ட்டுக்கு வருபவை. அனுப்புநர் முகவரியைப் போலியாக இடலாம் என்பதால், முதல் இரண்டு பதிப்புகளின் டிராப்களை யாரிடமிருந்தும் ஏற்கும் மென்பொருளுக்கு ஒரே ஒரு பாக்கெட் போதுமானது. சிஸ்லாக் வரிகள் (சாதனங்கள் அனுப்பும் பதிவுக் குறிப்புகள்), டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்கும்போது கணினி தரும் பெயர், அருகிலுள்ள வைஃபையின் பெயர் என எல்லாமே இத்தகைய வாசல்கள்தாம். 2016-இல் ராபிட்7 நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வெவ்வேறு நிறுவனங்களின் மேலாண்மை மென்பொருள்களில் எஸ்என்எம்பி தரவு வழியாகவே ஸ்கிரிப்டைப் புகுத்த முடிவதைக் காட்டி, விவரங்களை வெளியிட்டார்கள்.

கேள்வி: சாதனப் பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே அனுமதி என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, ஸ்கிரிப்ட் குறிச்சொல்லுக்குத் தேவையான கோண அடைப்புக்குறி எப்படி வரும்?

பதில்: நீங்கள் படித்தது இணையத்தில் கணினிகளுக்கு இடும் பெயருக்கான விதி. எஸ்என்எம்பியில் சாதனப் பெயரைத் தாங்கும் சிஸ்நேம் புலம் 255 எழுத்துகள் வரை ஏற்கும் வெறும் எழுத்துச்சரம். அதில் கோண அடைப்புக்குறி தாராளமாக அடங்கும். விதி இருந்தாலும்கூட, அதை மதிக்க வேண்டிய பொறுப்பு தாக்குபவரின் கருவியிடம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: பாதுகாப்புச் சோதனை அறிக்கையில் இந்த ஓட்டைக்கு 5.4 மதிப்பெண் தந்திருக்கிறார்கள். "நடுத்தரம்தானே, அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்கிறது மேலிடம்.

பதில்: ஓட்டையின் கடுமையைப் பத்துக்கு அளக்கும் சிவிஎஸ்எஸ் மதிப்பீட்டில், சேமிக்கப்படும் வகை ஓட்டைக்கு (ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தில் தங்கி, பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஓடுவது) 5.4-உம் பிரதிபலிக்கும் வகைக்கு (கோரிக்கையில் வந்த ஸ்கிரிப்ட் உடனே பக்கத்தில் திரும்புவது) 6.1-உம் வழக்கமாக விழும் எண்கள். யாருடைய உலாவியில் ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்பதை அந்த அடிப்படை எண் சொல்வதில்லை. இங்கே ஓடுவது எல்லா ரவுட்டர்களின் அமைவுகளையும் மாற்றும் உரிமை பெற்றவரின் உலாவியில். அவர் பெயரில் புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்கலாம். சேமித்து வைத்த அமைவுக் கோப்புகளைப் படிக்கலாம். சாதனங்களில் கட்டளைகளை இயக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால், இந்த வகை மென்பொருளில் சேமிக்கப்படும் ஓட்டையை உயர்நிலை என்றே எடுத்துக்கொள்வேன். மேலிடத்திடம் மதிப்பெண்ணைப் பற்றி வாதிடாமல், சோதனைக்கூடத்தில் ஒரு சுவிட்சின் பெயரை மாற்றியதால் புதிய நிர்வாகிக் கணக்கு முளைப்பதைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நிர்வாகிகளின் குக்கீகளுக்கு எச்டிடிபிஒன்லி அடையாளம் இட்டிருக்கிறோம். அது காப்பாற்றாதா?

பதில்: குக்கீயை ஸ்கிரிப்ட் படிப்பதை மட்டும் அது தடுக்கும். ஆனால் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே நிர்வாகியின் பக்கத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்தே கோரிக்கைகளை அனுப்பினால் உலாவி குக்கீயைத் தானாகச் சேர்த்துவிடும். போலிக் கோரிக்கையைத் தடுக்கும் டோக்கனையும் ஸ்கிரிப்ட் அதே பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: நான் இத்தகைய மென்பொருளை எழுதுபவன். உள்ளே வரும் தரவிலிருந்து "ஸ்கிரிப்ட்" குறிச்சொல்லை நீக்கிவிடுகிறோம். போதுமா?

பதில்: போதாது. படக் குறிச்சொல்லில் பிழை நிகழ்வுக்கான பண்பை இட்டால், அந்தச் சொல்லே இல்லாமல் நிரல் ஓடும். தடைப்பட்டியலைத் துரத்திக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை. மேலும், சாதனம் சொன்னதை உள்ளது உள்ளபடி சேமிப்பதும் கண்காணிப்பு மென்பொருளின் கடமைதான். ஒரு விசித்திரப் பெயரே தாக்குதலுக்கான தடயமாக இருக்கலாம். ஆகவே சேமிக்கும்போது அல்ல, காட்டும்போது, சிறப்புக் குறிகள் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றுங்கள். எந்த இடத்தில் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாற்றும் முறை வேறுபடும்: பக்க உரைக்கு ஒன்று, பண்பு மதிப்புக்கு ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்கு வேறொன்று. பக்கங்களை உருவாக்கித் தரும் வார்ப்புரு இயந்திரங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டைத் தாமாகவே செய்துவிடும்.

நடைமுறையில் நான் காணும் ஓட்டைகள் முதன்மை அட்டவணையில் இருப்பது அரிது. வரைபடத்தில் சுட்டியை வைத்தால் எழும் குறிப்புப் பெட்டி, வலையமைப்பு வரைபடத்தின் கணுப் பெயர், மின்னஞ்சல் எச்சரிக்கை, வாராந்தர அறிக்கை ஆகிய ஓரங்களில்தான் அவை ஒளிந்திருக்கின்றன. அங்கேதான் யாரோ, சரத்தைக் குறிச்சொற்களோடு பக்கத்தில் இடும் இன்னர்எச்டிஎம்எல்லில் அதைக் கொட்டியிருப்பார்கள். சரத்தை வெறும் எழுத்தாகவே இடும் டெக்ஸ்ட்கன்டென்ட் போதுமான இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்புக்கு மாறினால் சிக்கல் தீருமா?

பதில்: பாதி தீரும். அதன் சரிபார்ப்பை இயக்கி, பழைய பதிப்புகளை ஏற்பதை நிறுத்தினால், போலி டிராப்பை அது தடுக்கும். முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஒரு சுவிட்சை யாராவது கைப்பற்றி அதன் பெயரை மாற்றினால், அந்தப் பெயரும் முறையாகச் சரிபார்க்கப்பட்டே வந்து சேரும்.

கேள்வி: தயாரிப்பாளர் இன்னும் திருத்தம் வெளியிடவில்லை. அதுவரை என்ன செய்வது?

பதில்: முதலில், ஓட்டை எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். உங்களுக்குச் சொந்தமான சோதனைச் சுவிட்சின் இருப்பிடப் புலத்தில், எழுத்தைத் தடிமனாக்கும் தீங்கற்ற குறிச்சொல்லை இட்டு, அது எந்தெந்தப் பக்கத்தில் தடிமனாகத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிச்சொல் எழுத்தெழுத்தாகத் தெரியும் பக்கங்களில், அந்தப் புலத்தைப் பொறுத்தவரை, கவலை குறைவு. டிராப், சிஸ்லாக் ஆகியவற்றை அறிந்த முகவரிகளிலிருந்து மட்டும் ஏற்குமாறு ஃபயர்வாலில் கட்டுப்படுத்துங்கள். தானியங்கிக் கண்டறிதலை விருந்தினர் பிரிவுகளில் நிறுத்திவையுங்கள். மென்பொருளுக்கு முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை இடைநின்று கடத்தும் சேவையகம்) இருந்தால், எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று உலாவிக்குச் சொல்லும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையை அங்கே சேர்க்கலாம். பழைய மென்பொருள்கள் பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பதால், முதலில் அறிக்கை மட்டும் தரும் நிலையில் ஓடவிட்டு எது உடைகிறது என்று பாருங்கள். அன்றாடக் கண்காணிப்புக்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள கணக்கையே பயன்படுத்தி, நிர்வாகிக் கணக்கில் மாற்றம் செய்யும் நேரத்தில் மட்டும் நுழைந்து வெளியேறுங்கள்.

சுவரில் தொங்கும் பெரிய டாஷ்போர்டுத் திரை யாருடைய கணக்கில் நாள் முழுவதும் திறந்திருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் பார்த்த பல இடங்களில் அது நிர்வாகிக் கணக்காகவே இருந்தது.